செல் பட்ட காயமும் கத்தி பட்ட காயமும்

லித்தியம் அயான் செல்லைப் பிரித்து எடுத்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். கருப்பு கிராஃபைட்டின் மேல், ஐப்பசி மழையில் ஊறிய சுவரில் பூசணம் பூத்தது போல வெள்ளையாக ஒரு படலம். கீழே 'லித்தியம் உலோகப் படிவு' என்று விளக்கம் எழுதியிருப்பார்கள். பல நேரம் அது லித்தியம் படிவே அல்ல. பிரித்த மேசையிலிருந்து மைக்ராஸ்கோப்புக்குப் போகும் வழியில் நாகர்கோவில் காற்று செய்துவிட்ட வேலை அது.

கணக்குப் போட்டால் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று புரியும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம்: கொல்லங்கோட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டிய ஊர்களுக்கு இது வழக்கமான நாள்தான். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக மிதக்கிறது. பேட்டரி ஆலைகளின் உலர் அறையில் பனிநிலையை (காற்றிலுள்ள நீராவி படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரியில் வைத்திருந்தால் அதே கன மீட்டரில் 0.12 கிராம்தான் இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம். வெளிநாட்டுக் கட்டுரையில் 'சாம்பிளைச் சீக்கிரமாக மாற்றினோம்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியை நம்பி இங்கே வேலை செய்தால் படம் கெட்டுப்போகும்.

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குச் செல் பிரிக்கப் போகிறவர்களுக்கும், இ-ஸ்கூட்டர் பேக் ஏன் செத்தது என்று உள்ளே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் முதலில் பழக வேண்டியது ஒரே கேள்வி: இந்தக் காயம் செல் ஓடும்போது பட்டதா, நாம் பிரிக்கும்போது பட்டதா? கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்விதான்.

முதலில் அளவுகள். 18650 செல் என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், எடை ஏறக்குறைய 45 கிராம். நிக்கல் பூசிய எஃகு டப்பாவுக்குள் பாய் சுருட்டி வைத்தது போல நீளமான பட்டைகள். ஆனோடு (எதிர்முனை) என்பது 6 முதல் 10 மைக்ரான் செம்புத் தகட்டின் இரு பக்கமும் கிராஃபைட் பூசியது. கேதோடு (நேர்முனை) என்பது 10 முதல் 20 மைக்ரான் அலுமினியத் தகட்டின் இரு பக்கமும் நிக்கல்–மாங்கனீஸ்–கோபால்ட் ஆக்சைடோ (என்.எம்.சி.), லித்தியம் இரும்பு பாஸ்பேட்டோ (எல்.எஃப்.பி.) பூசியது. பூச்சு ஒரு பக்கத்துக்கு 50 முதல் 80 மைக்ரான். நடுவில் இரண்டும் தொடாமல் பிரிக்கும், பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோ ஆன செப்பரேட்டர், 12 முதல் 25 மைக்ரான். எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று 0.3 மி.மீ. பக்கம் வரும், டப்பாவுக்குள் இருபது சுற்றுக்கு மேல். இந்தச் சுருளைத்தான் தொழிலில் ஜெல்லி ரோல் என்கிறார்கள். இதில் ஊறியிருக்கும் மின்பகுளி, கார்பனேட் கரைப்பானில் கரைத்த லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட். தண்ணீர் பட்டால் அது ஹைட்ரஜன் ஃபுளோரைடைக் கக்கும். அதைப் பற்றிப் பின்னால்.

திறப்பதற்கு முன்

டப்பாவைத் திறந்த பிறகு திரும்பக் கிடைக்காத தகவல்கள் சில உண்டு. எடை போடுங்கள், அதே மாடல் புதுச் செல்லை விட அரை கிராம் குறைந்திருந்தால் மின்பகுளி எங்கோ கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். 1 கிலோஹெர்ட்ஸில் உள்மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரே சி.டி. வசதி கிடைத்தால் முழுச் செல்லையும் முதலில் அதில் வைத்துப் பாருங்கள். ஒரு 18650 முழுதாக உள்ளே போனால் கிடைக்கும் நுணுக்கம் பொதுவாக 10, 20 மைக்ரான் அளவில்தான் இருக்கும். துகள் தெரியாது. ஆனால் சுருளின் நடுப்பகுதி உள்ளே மடங்கியிருக்கிறதா, மின்முனைப் பட்டை எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, ஆனோடு விளிம்பு கேதோடு விளிம்பைத் தாண்டி நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஆனோடு ஒரு மில்லிமீட்டர் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றும்போது நழுவி, எங்காவது கேதோடு வெளியே நீட்டினால், சார்ஜ் ஏறும்போது அந்த ஓரத்தில்தான் லித்தியம் உலோகமாகப் படியும். கிராஃபைட்டும் செப்பரேட்டரும் எக்ஸ்-ரேயை அவ்வளவாகத் தடுப்பதில்லை. செம்பு பளிச்சென்று தெரியும், கிராஃபைட் நிழல் போல மங்கிப்போகும். சி.டி. படத்தில் ஆனோடு பூச்சு உரிந்திருக்கிறது என்று சொல்லும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அடுத்து சார்ஜை இறக்குவது. 2500 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு 10 ஓம், 5 வாட் மின்தடை போதும், 3.7 வோல்ட்டில் 0.37 ஆம்பியர், ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். 2.5 வோல்ட் வந்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றியதும் வோல்டேஜ் மறுபடி 3-க்கு மேல் ஏறும். 100 ஓம் போட்டு மெதுவாக இன்னொரு முறை இறக்குங்கள். ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் வந்து பார்க்கிற பழக்கம்தான் இங்கே பெரிய கெடுதல். செல் பூஜ்ய வோல்ட் வரை போய்விட்டால் ஆனோடின் மின்னழுத்தம் ஏறி, செம்புத் தகடே மின்பகுளியில் கரையத் தொடங்கும். கரைந்த செம்பு செப்பரேட்டரிலும் கேதோடிலும் போய்ப் படியும். பிறகு ஈ.டி.எஸ். (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு தனிமத்தையும் அதன் எக்ஸ்-ரே வரியால் அடையாளம் காணும் முறை) எடுத்தால் கேதோடில் செம்பு காட்டும். 'தயாரிப்பில் நடந்த அசுத்தம்' என்று அறிக்கை எழுதுவோம். உண்மையில் அது முந்தின ராத்திரி நம் மின்தடை செய்தது.

உப்புத் தண்ணீரில் போட்டு இறக்கும் முறையும் வழக்கத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே கடல் இருப்பதால் ஆசை வரும். குப்பைக்குப் போகிற செல்லுக்கு அது சரியாக இருக்கலாம், ஆராய்ச்சிக்கு உதவாது. மின்முனை அரித்து, ஓட்டை விழுந்து, தண்ணீர் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு உள்ளே பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

திறப்பது

இதை வீட்டிலோ பட்டறை மேசையிலோ செய்யக் கூடாது. ஆர்கான் நிரப்பிய க்ளவ் பாக்ஸ் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) வேண்டும், உள்ளே நீரும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே. மலிவு என்று நைட்ரஜன் நிரப்பினால் ஆகாது. லித்தியம் உலோகம் சாதாரண வெப்பத்திலேயே நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடு ஆகும். திறக்கும் நேரத்தில் வாயு சுழற்சியை நிறுத்திவிட வேண்டும். கரைப்பான் ஆவி க்ளவ் பாக்ஸின் சுத்திகரிப்புப் படுகையில் ஏறினால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவு புராஜெக்ட் முழுவதின் செலவை விட அதிகமாகும்.

ஹாக்ஸா பிளேடு வேண்டவே வேண்டாம். இரும்புத் தூள் சுருளுக்குள் விழுந்து ஷார்ட் ஆகும். ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாய் வெட்ட வைத்திருக்கும் சின்ன டியூப் கட்டர்தான் இதற்குச் சரியான கருவி. நேர்முனைப் பக்கம், டப்பாவில் வளையமாக அமுங்கியிருக்கும் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே சக்கரத்தை வையுங்கள். ஒரு சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு திருகு, அதற்கு மேல் முறுக்கக் கூடாது. சுவர் கால் மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டால் சக்கரம் சுருளைத் தொடும். மூடி விலகும்போது, அதிலிருந்து தொங்கும் அலுமினியப் பட்டை வெட்டிய டப்பா விளிம்பில் உரசக் கூடாது. டப்பா எதிர்முனை, பட்டை நேர்முனை. கேப்டன் (Kapton) என்ற மின்கடத்தா டேப்பை விளிம்பில் ஒட்டிவிட்டுப் பட்டையை வெட்டுங்கள். பக்கத்தில் உலர்ந்த மணல் ஒரு வாளி இருக்கட்டும். கடற்கரை மணலை அப்படியே அள்ளிக்கொண்டு வரக் கூடாது. உப்பும் ஈரமும் அதில் உண்டு, கழுவிக் காயவைத்தது வேண்டும். டப்பாவில் ஒட்டிய தெர்மோகப்பிள் அறை வெப்பத்தை விட 10 டிகிரி கூடக் காட்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு தோலில் பட்டால் வலி உடனே தெரியாது. தெரியும்போது ஆழத்துக்குப் போயிருக்கும். 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாத ஆய்வகத்தில் செல் திறக்கக் கூடாது. நைட்ரைல் கையுறை இரட்டையாகப் போட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

சுருளைப் பிரித்தால் பட்டை 60, 70 செ.மீ. நீளத்துக்கு விரியும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து முழுப் பட்டையையும் படம் எடுங்கள். வெறுங்கண்ணுக்கே தெரியும் சங்கதிகள் நிறைய: வரி வரியான நிறமாற்றம், சாம்பல் வெள்ளித் திட்டு, பூச்சு செப்பரேட்டரோடு ஒட்டிக்கொண்டு வந்த இடம். செம்மில் (SEM, ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) மணிக்கணக்காகத் தேடுகிறவர்கள் இந்தப் படத்தை எடுக்க மறந்துவிடுவது ஆச்சரியம்தான்.

பிரிக்கும்போதே காயம் படும். சுருளின் உட்புறச் சுற்றுகள் சின்ன வளைவில் வருடக்கணக்காக உட்கார்ந்தவை. நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும். அந்த வெடிப்பு சுருளின் அச்சுக்கு இணையாக, நேர்கோடாக, உள்சுவர் சுத்தமாக இருக்கும். செல் ஓடும்போதே ஏற்பட்ட வெடிப்பின் உள்சுவரிலோ மின்பகுளி போய் உட்கார்ந்து படலம் கட்டியிருக்கும். இந்த வித்தியாசம் 2000 மடங்கிலேயே தெரியும்.

வெளிச்சுற்று, நடுச்சுற்று, உட்சுற்று. ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ். ஒன்பது துண்டு, ஒவ்வொன்றும் 1 செ.மீ. சதுரம், ஒரு மூலையில் சின்ன வெட்டு அடையாளம். பீங்கான் கத்தரியால் வெட்டுங்கள். எஃகுக் கத்தரி இரும்பும் குரோமியமும் விட்டுச் செல்லும். பீங்கான் கத்தரியும் புனிதமானதல்ல. அது சிர்க்கோனியா, ஓரத்தில் சிர்க்கோனியம் விடலாம். ஓரத்திலிருந்து அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் படம் எடுக்க வேண்டும்.

கழுவுவது, கொண்டுபோவது

காய்ந்த மின்பகுளி உப்பு, படிகம் படிகமாக மேலே நிற்கும். அதைப் போக்க, நீரற்ற டைமெத்தில் கார்பனேட்டில் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் எடுத்து, துண்டை ஒரு நிமிடம் முக்கி, புதுக் கரைப்பானில் இன்னொரு முறை முக்க வேண்டும். அதற்கு மேல் ஊறவைத்தால் கிராஃபைட்டின் மேல் இருக்கும் எஸ்.ஈ.ஐ. படலத்தின் சில பகுதிகளும் கரைந்துபோகும். முதல் சார்ஜிலேயே உருவாகி, சில பத்து நானோமீட்டர் தடிமனில் கிராஃபைட்டைப் போர்த்திக் காக்கும் தோல் அது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் கழுவிய துண்டு ஒன்று, கழுவாத துண்டு ஒன்று. கழுவாத துண்டில் இருக்கிறது, கழுவியதில் இல்லை என்றால் அது உப்பு. இரண்டிலும் இருப்பதைத்தான் பேச வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே எல்லாக் கருவியும் கிடைக்காது. திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ, இரண்டு மணி நேரப் பயணம் எப்படியும் உண்டு. ஜிப் கவரும் சிலிக்கா ஜெல்லும் அதற்குப் போதாது. பிளாஸ்டிக் வழியே நீராவி ஊடுருவும், சிலிக்கா ஜெல் அதை அந்த அளவுக்கு இறக்காது. க்ளவ் பாக்ஸுக்குள்ளேயே கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, அந்தக் குப்பியை அலுமினியம் லேமினேட் பையில் வைத்து வெப்பத்தால் ஒட்டி, வெளியே எடுங்கள். போகிற இடத்தில் காற்றுப் படாமல் செம்முக்குள் ஏற்றும் டிரான்ஸ்ஃபர் பெட்டி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆனோடு படத்தில் மேற்பரப்பு வேதியியல் பேசுவதை விட்டுவிடலாம். துகள் வடிவம், பூச்சுத் தடிமன் என்று காற்று கெடுக்காத விஷயத்தோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. எல்.எஃப்.பி. கேதோடும் செப்பரேட்டரும் காற்றைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. க்ளவ் பாக்ஸ் இல்லாத கல்லூரிக்கு, வேறு இடத்தில் திறந்து கழுவி வாங்கிய அந்த இரண்டும்தான் நல்ல தொடக்கம்.

குறுக்குவெட்டு

மேற்பரப்பு படம் எளிது. உள்ளமைப்பைக் காட்டுவது குறுக்குவெட்டு. அதிகப் பொய் நுழைவதும் அங்கேதான். கத்தரியால் வெட்டினால் செம்பு இழுபட்டு, பூச்சின் மேல் நாக்கு போல மடங்கிவிடும். திரவ நைட்ரஜனில் அமுக்கி உடைக்கலாமே என்பார்கள். செப்பரேட்டருக்கு அது நன்றாக வரும். ஆனால் செம்பும் அலுமினியமும் அந்தக் குளிரிலும் நொறுங்காத உலோகங்கள். வளையும், இழுபடும், பூச்சை உரித்துக்கொண்டு வரும்.

கையில் காசு குறைவு, பொறுமை அதிகம் என்றால் எபாக்சி முறை. கழுவிக் காய்ந்த துண்டை நிறுத்தி வைத்து, நீர்த்த எபாக்சியை ஊற்றி, வெற்றிடத்தில் பத்து நிமிடம் குமிழி போகும்வரை வைத்து, 24 மணி நேரம் இறுகவிட வேண்டும். பிறகு சிலிக்கான் கார்பைடு தாள் 320, 600, 1200. அதன்பின் 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை. ஒவ்வொரு தாளுக்கும் சாம்பிளை 90 டிகிரி திருப்பி, முந்தின கீறல் முழுக்க மறையும்வரை தேய்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் எண்ணெயோ ஆல்கஹாலோதான், தண்ணீர் கூடாது. கடைசி மெருகுக்கு உலோகவியல் ஆய்வகங்களில் எடுக்கும் கூழ்ம சிலிக்காவும் தண்ணீரில் கரைத்ததுதான், அதையும் தள்ளிவையுங்கள்.

இதில் ஒரு அழகான சோதனை இலவசமாகக் கிடைக்கிறது. துகளில் விரிசல் தெரிகிறது. அதற்குள் எபாக்சி நிரம்பியிருந்தால் விரிசல் எபாக்சிக்கு முன்பே இருந்தது. வெளியோடு தொடர்புள்ள விரிசல் காலியாக இருந்தால் அது தேய்க்கும்போது வந்தது என்று சந்தேகிக்கலாம். துகளுக்குள்ளேயே மூடிக் கிடக்கும் விரிசலுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

தேய்க்கும்போது உடைந்த சிலிக்கான் கார்பைடு பொடி மெத்தென்ற கிராஃபைட்டில் குத்தி நின்றுவிடும். ஈ.டி.எஸ். சிலிக்கான் காட்டும். இப்போது பல செல்களில் கிராஃபைட்டோடு சிலிக்கான் ஆக்சைடு கலந்திருக்கிறார்கள் என்பதால், 'சிலிக்கான் கலந்த ஆனோடு' என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த இடத்தில் ஆக்சிஜனும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல கூரான ஓரமும், ஆக்சிஜன் இல்லாத சிலிக்கானும் என்றால் அது தேய்ப்புத் தாளின் எச்சம்.

ஆர்கான் அயனிக் கற்றையால் வெட்டும் கருவி கிடைத்தால் கத்தி, தாள் இரண்டின் தொல்லையும் போகும். 4 முதல் 6 கிலோவோல்ட், சில மணி நேரம், ஏறத்தாழ 1 மி.மீ. அகலத்துக்குக் கண்ணாடி போல வெட்டுமுகம். ஆனால் கற்றை சூடாக்கும். பாலிஎத்திலீன் 130 டிகிரி பக்கத்தில் உருகும். குளிரூட்டும் மேடை இல்லாமல் வெட்டினால் செப்பரேட்டர் துளைகள் மூடிக்கொள்ளும், 'செல் அதிகச் சூடானதற்குச் சான்று' கிடைத்துவிட்டது என்று ஏமாறுவோம். கடினமான துகளுக்குக் கீழே திரைச்சீலை மடிப்பு போலக் கோடுகளும் விழும். உண்மையான விரிசல் துகளுக்குள் இருக்கும் சிறு மணிகளின் எல்லையில் திரும்பும், நிற்கும், கிளைக்கும். திரைக்கோடு எதையும் மதிக்காமல் துகள், துகள்களை ஒட்டும் பசை, தகடு எல்லாவற்றையும் தாண்டி ஒரே திசையில் போகும்.

காலியம் அயனிக் கற்றை பற்றி ஒரு வரி: சில பத்து மைக்ரான் அகலத்துக்குச் சீவிச்சீவி முப்பரிமாணப் படம் எடுக்கலாம், ஆனால் துளைகளை எபாக்சியாலோ சிலிகோனாலோ நிரப்பாமல் எடுத்தால் துளையின் பின்சுவர் முன்னே தெரிந்து, துளையளவுக் கணக்கு முழுவதும் தப்பாகும்.

எதில் பார்ப்பது

ஒளி மைக்ராஸ்கோப்பை யாரும் மதிப்பதில்லை. விலங்கியல் துறையில் இருப்பது கீழிருந்து ஒளி விடும் வகை, அது உதவாது. உலோகவியல் மைக்ராஸ்கோப், மேலிருந்து ஒளி விழுவது வேண்டும். நல்ல லென்ஸில் 0.4 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். பூச்சுத் தடிமன், தகடு வளைவு, செப்பரேட்டர் சுருக்கம் இவற்றுக்கு அது போதும். செம்மில் இல்லாத ஒன்று அதில் உண்டு: நிறம். முழுதாக லித்தியம் ஏறிய கிராஃபைட் தங்க நிறம், பாதி ஏறியது செம்பு கலந்த சிவப்பு, இன்னும் குறைந்தால் நீலம், காலியானால் சாம்பல். சார்ஜ் ஏறிய செல்லைத் திறந்தால் மட்டுமே தெரியும் காட்சி இது, அதனால் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். ஒரே பட்டையில் தங்கமும் சாம்பலும் கலந்து கிடந்தால் அந்தச் செல்லில் மின்னோட்டம் சீராகப் போகவில்லை. காற்று பட்டால் நிறம் நிமிடக் கணக்கில் மங்கும்.

செம்முக்கு வந்தால் முதல் முடிவு வோல்டேஜ். 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கிராஃபைட்டுக்குள் 4 மைக்ரானுக்கு மேல் இறங்கும். 2 கிலோவோல்ட்டில் 0.1 மைக்ரான். எஸ்.ஈ.ஐ. படலத்தைப் பார்க்க வேண்டும் என்று 20-ல் எடுப்பது, பாயின் மேல் கிடக்கும் தூசியைப் பார்க்கக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்பது மாதிரி. மேற்பரப்புக்கு 1 முதல் 3 கிலோவோல்ட். நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ் அளவுக்கு 15. செப்பரேட்டர் மின்கடத்தாப் பொருள், கற்றையில் சுருங்கும். 1 கிலோவோல்ட், குறைந்த மின்னோட்டம், ஒரே இடத்தில் நின்று ஃபோகஸ் செய்யாமல் பக்கத்தில் செய்துவிட்டு நகர வேண்டும்.

ஆபரேட்டர் பழக்கத்தில் எல்லாச் சாம்பிளுக்கும் தங்கம் பூசிவிடுவார். ஆனோடுக்கும் கேதோடுக்கும் அது பெரும்பாலும் தேவையே இல்லை, கரியே மின்சாரம் கடத்தும். தங்கத்தின் எக்ஸ்-ரே வரி 2.12 கிலோ எலக்ட்ரான்வோல்ட். பாஸ்பரஸ் வரி 2.01. இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மின்பகுளி எச்சத்தின் பாஸ்பரஸ் தங்கத்துக்கு அடியில் மறைந்துபோகும். பூச்சு வேண்டுமென்றால் கார்பன் கேளுங்கள். அதே இடத்தில் சிர்க்கோனியமும் நிற்கிறது, 2.04-ல். மணவாளக்குறிச்சி மணலில் சிர்க்கானாகக் கிடைக்கும் அதே தனிமம், சில கேதோடு துகள்களில் மிகச் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. கேதோடில் பாஸ்பரஸ் என்று கருவி தானாக எழுதினால் நம்பிவிடாமல் வரியை உற்றுப் பாருங்கள். மாங்கனீஸின் இரண்டாவது வரி 6.49, இரும்பின் முதல் வரி 6.40. என்.எம்.சி. கேதோடில் 'இரும்பு அசுத்தம்' பிறப்பது அங்கேதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: சாதாரண ஈ.டி.எஸ். லித்தியத்தையே பார்க்காது. அதன் வரி 0.054 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் இருக்கிறது, டிடெக்டர் ஜன்னலைத் தாண்டாது. 'ஈ.டி.எஸ்.-ல் லித்தியம் வரவில்லை, ஆகவே படிவு இல்லை' என்பது வாதமே அல்ல. மெல்லிய லித்தியப் படிவை எலக்ட்ரான் கற்றையே சிதைத்துவிடும் என்பதும் உண்டு. உயிர்மூலக்கூறுகளுக்காக வளர்த்த உறைநிலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பியை 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு லித்தியம் இழைகளுக்குப் பயன்படுத்தி, அணு அணுவாகக் காட்டியது அதனால்தான்.

என்ன தெரியும்

நிக்கல் அதிகமுள்ள கேதோடு துகள் 10 மைக்ரான் பக்கம் உருண்டை. நம்மூர் முந்திரிக்கொத்தை ஒன்று உடைத்துப் பாருங்கள்: வெளியே மாவுத் தோல், உள்ளே பாகில் ஒட்டிய பயற்று மணிகள். துகளும் அப்படித்தான், சில நூறு நானோமீட்டர் மணிகள் சேர்ந்த உருண்டை. லித்தியம் வெளியேறும்போது மணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சுருங்கும், பாகு விட்டுப்போகும். விரிசல் நடுவிலிருந்து வெளிநோக்கி, மணி எல்லைகளின் வழியே ஓடும். வெளித்தோல் வரை வந்துவிட்டால் மின்பகுளி உள்ளே நுழையும். ஆனால் புதுச் செல்லிலும் உடைந்த துகள் இருக்கும். ஆலையில் பூச்சை உருளையால் நசுக்கும்போது, மேற்பரப்பிலும் அலுமினியத்தை ஒட்டிய இடத்திலும் துகள் நொறுங்கும், அலுமினியத்தில் பதியும். நடுத் தடிமனில் இருக்கும் துகள்களின் விரிசலை எண்ணினால்தான் செல்லின் வயது பேசும். அதே மாடல் புதுச் செல்லைப் பக்கத்தில் வைக்காமல் எழுதிய அறிக்கைக்கு மதிப்பில்லை.

கேதோடு பேச்சு வந்ததால் ஒரு பக்கக் குறிப்பு. கோபால்ட் ஆக்சைடு கேதோடை 1980-ல் கொண்டுவந்த ஜான் குட்இனஃபுக்கு 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம், தென் தமிழ்நாட்டு அமராபுரத்துக்காரர்.

ஆனோடில், பாடநூல் படங்களில் அதிகம் வருவது குளிரில் சார்ஜ் ஏற்றிய செல்லின் லித்தியப் படிவு. பனி விழாத நம் மாவட்டத்தில் அந்தக் காரணம் கிடையாது. இங்கே அசல் படிவு தெரிந்தால் வேகச் சார்ஜரையோ, சமநிலை தப்பிய பேக்கையோ, சுருள் அமுங்கிய இடத்தையோ சந்தேகப்பட வேண்டும். வெயிலில் நின்று நின்று ஓடும் வண்டியில் எதிர்பார்க்க வேண்டியது தடித்த எஸ்.ஈ.ஐ., கேதோடிலிருந்து கரைந்து ஆனோடில் வந்து சேர்ந்த மாங்கனீஸ், பிடிப்பு விட்ட பூச்சு. அசல் லித்தியம் பாசி போலவோ தூண் தூணாகவோ வளர்ந்திருக்கும், பின்சிதறல் படத்தில் (திரும்பித் தெறிக்கும் எலக்ட்ரான்களால் எடுப்பது) கருப்பாக விழும். காற்று செய்த லித்தியம் கார்பனேட் தகடு தகடாக வெடித்து, மின்னேற்றம் தாங்காமல் பளபளக்கும்.

ஒரு படத்தை வைத்து முழுச் செல்லைப் பேசக் கூடாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 5000 மடங்கில் ஒரு படம் ஏறத்தாழ 25க்கு 20 மைக்ரான் பரப்பு. 70 செ.மீ. நீளம், 5.8 செ.மீ. அகலம், இரண்டு பக்கம் என்றால் ஆனோடு 812 சதுர செ.மீ. அத்தனையையும் மூட 16 கோடிப் படம் வேண்டும். ஆகவே முதலில் 100 மடங்கு, பிறகு 500, பிறகு 5000. ஒன்பது துண்டிலும், கண்ணுக்கு அழகான இடத்தைத் தேடாமல், முன்கூட்டியே குறித்த புள்ளிகளில் எடுக்க வேண்டும். ஃபிஜி போன்ற இலவச மென்பொருளில் துளைப் பங்கை அளக்கும்போது, கரியும் பசையும் சேர்ந்த பகுதியும் துளையைப் போலவே கருப்பாக விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக 25 முதல் 35 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 50 வந்தால் செல்லைக் குறை சொல்லும் முன் கருப்பு–வெள்ளை எல்லையை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள்.

சாம்பிள் மிஞ்சினால் அதைத் தூக்கிப் போடாமல் ஒரு வேலை செய்யலாம். புதுச் செல்லின் ஒரே ஆனோடு துண்டிலிருந்து நான்கு சில்லு வெட்டி, ஒன்றை ஆர்கானில் வைத்து, மற்றவற்றை ஆய்வக மேசையில் 1 நிமிடம், 10 நிமிடம், ஒரு நாள் என்று திறந்து வைத்துப் படம் எடுங்கள். தை, மாசி உலர்ந்த நாளில் ஒரு முறை, ஆனிச் சாரலில் இன்னொரு முறை. தேதி, வெப்பம், ஈரப்பதம், கிலோவோல்ட் எல்லாம் படத்தின் பெயரிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு புராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் கொடுக்க வேண்டிய கோப்பு அதுதான்.